‘அளறு’ என்பது சேறா, நரகமா?

கேள்வி: வாசகி, திருவொற்றியூர்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் நடந்த வகுப்புத் தேர்வில், ‘ஒருமைச் செயலாற்றும் பேதை எழுமையும் தான்புக் கழுந்தும் அளறு’ என்னும் குறளைக் கொடுத்து, ‘அளறு’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டிருக்கிறார்கள். அவள் ‘சேறு, சதுப்பு நிலம்’ என்று எழுதிவிட்டு வந்தாள். விடைத்தாளில் அது சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே ‘நரகம்’ என்று எழுதப்பட்டிருந்தது. மதிப்பெண் ஒன்றுதான், அதற்காக நான் இங்கே எழுதவில்லை. அவள் கேட்ட கேள்விதான் என்னை இரண்டு நாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘அழுந்தும் என்று வள்ளுவரே சொல்கிறாரே அம்மா, நெருப்பில் வேகலாம், கரியலாம், சேற்றில்தானே அழுந்த முடியும்?’ என்று கேட்டாள்.

அவள் அகராதியைப் பார்த்து அந்த விடையை எழுதவில்லை. என் அம்மா பிறந்து வளர்ந்தது எண்ணூரில், கொசத்தலை ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில். மார்பளவு நீரில் குனிந்து, பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் எடுத்துப் பிழைத்த குடும்பம். பேத்திக்கு அவர் சொன்ன கதைகளில் பாதி சேற்றைப் பற்றியவை. ஆகவே ‘அழுந்தும்’ என்ற சொல்லைப் படித்தவுடன் அவளுக்குப் பாட்டியின் கால்கள்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

தமிழ் அறிந்தவர்கள் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். அளறு என்பதன் நேர்ப்பொருள் எது, ஏறிய பொருள் எது? சேறு, சகதி, களர், உளை, கழி என்று நீர் தேங்கிய மண்ணுக்கு நம்மிடம் இத்தனை சொற்கள் இருக்க, அவற்றில் பல ஏன் துன்பத்தையும் இழிவையும் குறிக்கப் போய்விட்டன?


மறுமொழி 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தண்டையார்பேட்டை

சகோதரிக்கு வணக்கம். தங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஒரு சொல்லின் பொருளை அதன் பக்கத்தில் நிற்கும் வினையைக் கொண்டு சோதித்துப் பார்த்திருக்கிறாள். உரையாசிரியர்கள் செய்த வேலையே அதுதான்.

திருக்குறளில் அளறு என்னும் சொல் மூன்று இடங்களில் வருகிறது. தாங்கள் குறித்த 835ஆம் குறள் பேதைமை அதிகாரத்தில் உள்ளது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் ‘உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு’ என்னும் 255ஆம் குறள் ஒன்று. ‘வரைவிலா மாணிழையார் மென்தோள் புரையிலாப் பூரியர்கள் ஆழும் அளறு’ என்னும் 919ஆம் குறள் மற்றொன்று. மூன்று இடத்திலும் உரை மரபு நிரயம், அதாவது நரகம் என்றே பொருள் கொள்கிறது. தேர்வுத் தாளுக்கான விடை நரகம்தான். அந்த அளவில் திருத்தியவர் செய்தது தவறாகாது. ஆனால் மாணவி எழுதியதை அடித்திருக்கக் கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் அவள் எழுதியது அச்சொல்லின் வேர்நிலம். அளறு என்றால் முதலில் குழைந்த சேறு. நரகம் என்பது அந்தச் சேற்றின்மேல் முளைத்த பொருள்.

முளைத்த பிறகும் அது சேற்றை விட்டு விலகவில்லை என்பதற்கு வினைகளே சான்று. 835இல் அழுந்துகிறான். 919இல் ஆழ்கிறார்கள். 255இல் அளறு அண்ணாத்தல் செய்யாது, அதாவது வாய் திறக்காது. விழுங்கியவனை வெளியே விட நரகம் மறுபடி வாயைத் திறப்பதில்லை என்று பரிமேலழகர் விளக்குகிறார். அழுந்துதல், ஆழ்தல், விழுங்கிவிட்டு வாய் மூடிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் சேற்றின் தொழில்கள். இம்மூன்று குறள்களிலும் எரிப்பு இல்லை, கொதிப்பு இல்லை. எனவே தங்கள் மகளின் கேள்விக்கு என் விடை இது: வள்ளுவர் நரகத்தைச் சொல்கிறார், ஆனால் சேற்றைக் கண்ணால் கண்டுகொண்டே சொல்கிறார்.

919ஐ இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த அதிகாரம் பெண்களைப் பேசும் விதம் குறித்து இன்றைக்கு நாம் வேறு வகையில் விவாதிக்கலாம். அதை இங்கே எடுக்கவில்லை. உவமையை மட்டும் பாருங்கள். ‘மென்தோள்’ என்று மென்மையைச் சொல்லிவிட்டு, அதையே ‘அளறு’ என்கிறார். கல்தரையில் யாரும் ஆழ்வதில்லை. காலை மெத்தென்று வாங்கிக்கொள்ளும் இடமே ஆழ்த்துகிறது. சேற்றை மிதித்தறியாத ஒருவருக்கு இந்த மென்மைக்கும் அந்த ஆழத்துக்கும் உள்ள உறவு தோன்றியிருக்காது என்றே நம்புகிறேன்.

அளற்றுக்கு உறவான ‘அள்ளல்’ என்னும் சொல்லும் இதே வழியில் சென்றது. அள்ளல் என்றால் சேறு. நிகண்டுகள் ஏழு நரகங்களை எண்ணும்போது அள்ளல் என்பதை அவற்றுள் ஒன்றின் பெயராகவும் வைத்திருக்கின்றன.

தாங்கள் கேட்ட ‘களர்’ சற்று வேறு. இடனறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் (500), வேல் வீரரைக் கொம்பில் கோத்த அஞ்சாத களிறும் ‘காலாழ் களரில்’ சிக்கினால் ஒரு நரி அதைக் கொன்றுவிடும் என்கிறது. அங்கே களர் என்பது நேர்ப்பொருளில் கால் புதையும் சேற்று நிலமே. பொருந்தாத இடத்தில் போய் நின்ற வலியவனைப் பற்றிய பேச்சு முழுவதும் யானையின்மேல் ஏற்றிச் சொல்லப்படுவதால், இதைப் பிறிதுமொழிதல் என்னும் அணியாகக் கொள்வார்கள். ‘சேற்றிலே புதைந்த யானையைக் காக்கையும் கொத்தும்’ என்னும் பழமொழியும் இந்தக் குறளின் உடன்பிறப்பே. ஆனால் 406ஆம் குறளில் கல்லாதவர்களைப் ‘பயவாக் களர்’ போன்றவர்கள் என்னும்போது, உவர் பூத்து ஒன்றும் விளையாத நிலம் நினைவில் நிற்கிறது. அளறு விழுங்குவதால் அஞ்சப்பட்டது. களர் எதையும் தராததால் இகழப்பட்டது. இந்த வேறுபாட்டைத் தங்கள் மகள் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.


மறுமொழி 2: காட்டுக்குப்பத்து இளைஞன்

ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் மீனவக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவன். குறளை வகுப்பில் படித்தபோது 255ஆம் குறளின் ‘அண்ணாத்தல் செய்யாது’ என்னும் தொடர் எனக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது. ஏனென்றால் சேறு வாயைத் திறக்கும் என்பதை நான் ஆறு வயதிலேயே காலால் அறிந்திருந்தேன்.

கழிமுகத்தில் நீர் வற்றிய நேரத்தில் ஒருவர் இறங்கினால் முதல் அடியில் கணுக்கால் வரை போகும், மூன்றாம் அடியில் முழங்கால் வரை போகும். புதியவர் உடனே காலை மேலே இழுப்பார். இழுக்க இழுக்கப் பாதத்துக்குக் கீழே வெற்றிடம் உண்டாகி, சேறு இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். இந்தக் கால் வரவில்லை என்று அந்தக் காலை ஊன்றினால் அதுவும் இறங்கும். எங்கள் பாட்டிமார்கள் அப்படி இழுப்பதில்லை. உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, குதிகாலை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்து, பாதத்தின் ஓரமாகக் கொஞ்சம் நீரோ காற்றோ உள்ளே போக வழி செய்வார்கள். அது உள்ளே போன அந்த நொடியில் சேறு ஓர் ஓசையோடு வாய் திறந்து காலைக் கொடுத்துவிடும். ஆகவே வள்ளுவர் சொன்ன அளறு, வெளியேறும் வழி அறியாதவனுடைய அளறு என்று நான் என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அதை இன்றும் மாற்றவில்லை.

சகோதரி ‘சதுப்பு நிலம்’ என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் பேசிக் கேட்டதில்லை. அறிவிப்புப் பலகைகளோடும் கூட்டங்களோடும் வந்த சொல் அது. நாங்கள் ஆறு என்போம், கழி என்போம், முகத்துவாரம் என்போம். சேற்றைச் சேறு என்றுதான் சொல்வோம். ஆனால் நல்ல சேறு, கெட்ட சேறு என்று பிரித்துச் சொல்வோம். நல்ல சேறு என்றால், கையால் தடவும்போது மேலே ஒரு மெல்லிய தோல் போல வழுக்கி, அதற்கு அடியில் இறால் துள்ளுவது விரல் நுனியில் தெரியும். நீர் வற்றிய வேளையில் அதன்மேல் நண்டு வளைகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பி உடையும். ‘சேறு மூச்சு விடுது’ என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கண்டல் மரங்களைச் சுற்றி விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் வேர்களையும் மூச்சு வேர் என்றே தாவரவியலில் அழைக்கிறார்கள் என்று பிறகு படித்து வியந்தேன்.

கெட்ட சேறு வேறு. அனல்மின் நிலையத்திலிருந்து நீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்பப்படும் சாம்பல், குழாய் கசிந்து ஆற்றில் படிந்தது இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த செய்தி. அந்தச் சாம்பல் படிந்த இடத்தில் கால் வைத்தால் முதலில் மாவு போல நழுவும். நாளாக நாளாகத் தளம் போட்டது போல இறுகிவிடும். அதில் குமிழி எழாது, விரலில் எதுவும் துள்ளாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கண்டல் மரங்களின் அடியில் நீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. அன்று என் அத்தை கரையில் நின்று சொன்ன சொல், ‘சேறு செத்துப்போச்சுடா.’

இதை நான் இங்கே எழுதக் காரணம் உண்டு. உருவகம் என்றால் புத்தகத்தில் மட்டும் இருப்பதன்று. புத்தகத்தில் மனிதன் சேற்றில் அழுந்திச் சாகிறான். எங்கள் பேச்சில் சேறு மூச்சு விடுகிறது, சேறு சாகிறது. இரண்டும் ஏறிய பொருள்தான். ஏறிய திசைகள் வேறு.


மறுமொழி 3: மெய்ப்புத் திருத்துபவர், இராயபுரம்

காட்டுக்குப்பத்துத் தம்பி எழுதியதில், குதிகாலை அசைக்கும் இடத்தைப் படித்தபோது எனக்குச் சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தது போலிருந்தது. இந்த உருவகங்களைச் செய்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 500ஆம் குறளில் சேற்றில் சிக்குவது யானை. பழமொழியிலும் யானை. எடையோடு, அவசரத்தோடு, வேறெங்கோ போவதற்காகச் சேற்றைக் கடக்க வந்தவர்களின் அச்சம் அது. அங்கேயே வாழ்கிறவர்கள் எடை குறைத்து நடக்கக் கற்றவர்கள்.

சங்கப் பாட்டில் இந்த இரண்டு பார்வைகளும் ஒன்றாகவே இருக்கின்றன. நெய்தல் திணையில் கழியைக் கடந்து தேரில் வருபவன் தலைவன். அவனுக்குக் கழி ஒரு தடை, இடர். தலைவிக்கோ அது வீட்டைச் சூழ்ந்த நிலம். நற்றிணையில் ‘கண்டல் வேலிக் கழிசூழ் படப்பை’ என்று ஒரு பாட்டுத் தொடங்குகிறது. கண்டல் மரங்களே வேலி, கழி சூழ்ந்ததே தோட்டம். நெய்தலுக்கு உரிய உணர்வு இரங்கல் என்று இலக்கணம் சொல்கிறது. அந்த இரக்கம் கழியைக் கண்டு வந்ததன்று, கழிக்கு அப்பாலிருந்து வராதவனை எண்ணி வந்தது. அங்கே கழி இழிவான பொருள் எதையும் சுமக்கவில்லை.

‘கழி’ என்ற சொல்லைப் பற்றி என் தொழிலில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணூர் பற்றிய ஒரு கட்டுரை என் மேசைக்கு வந்தது. எழுதியவர் ‘கழிவுகள் வந்து சேர்வதால் கழிமுகம் என்று பெயர் பெற்றது’ என்று எழுதியிருந்தார். நல்லெண்ணத்தோடு எழுதியவர்தான். நான் அந்த வரியை அடித்துவிட்டு அரைப் பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினேன். கழி என்பது உப்பங்கழி. கடல்நீர் உள்ளே ஏறி இறங்கும் நீர்ப்பரப்பு. சங்க நூல்கள் இருங்கழி, கருங்கழி என்று அதைத் திரும்பத் திரும்ப அழைக்கின்றன. கழித்தல், கழிவு என்பவை வேறு வழியில் வந்து நிற்பவை. இன்னொரு கழியும் உண்டு. மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். சால, உறு, தவ, நனி, கூர் ஆகியவற்றோடு நன்னூல் அதைச் சேர்த்து எண்ணுகிறது. ‘கழிபேருவகை’ என்னும்போது அந்தக் கழிதான் வருகிறது. எழுத்து ஒன்றாக இருப்பதால் கழிமுகத்தின் தலையில் கழிவு ஏறிவிடுகிறது. பெயரே அப்படித்தான் என்று ஒருவர் நம்பிவிட்டால், அங்கே குப்பையைக் கொட்டுவது அவர் கண்ணுக்கு இயல்பாகத் தெரியத் தொடங்கும். அந்த ஒரு வரியை அடித்ததில் எனக்கு இன்றும் மனநிறைவு உண்டு.

‘பங்கம்’ என்னும் சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. வடமொழியில் சேற்றைக் குறிக்கும் சொல்லும், முறிவைக் குறிக்கும் சொல்லும் தனித்தனி. தமிழ் எழுத்தில் இரண்டும் பங்கம் என்றே ஆகிவிட்டன. பங்கயம் என்றால் சேற்றில் பிறந்தது, தாமரை. மானபங்கம் என்பதில் உள்ளது முறிவு. அதைக் கேட்கும்போது உடையில் தெறித்த சேறு நம் மனத்தில் தோன்றினால், அது எழுத்து ஒற்றுமையால் வந்த மயக்கம்.

‘உளை’ என்றால் சேறு. உளைதல் என்றால் நோதல்; அதிலிருந்துதான் வயிற்றுளைச்சலும் மன உளைச்சலும் வருகின்றன. சேற்றில் நடந்த கால் இரவில் உளையும் என்பதை நினைத்தால் இரண்டும் ஒன்றிலிருந்தே கிளைத்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

நாளிதழ் நடையில் ‘ஊழல் சகதி’, ‘கடன் புதைகுழி’, ‘சேற்றை வாரி இறைத்தார்கள்’ என்பவை அன்றாடம் என் கண்ணில் படுபவை. அந்த வரிசையில் சதுப்பு அநேகமாக வருவதே இல்லை. யாரும் யாரையும் ‘கடன் சதுப்பில் விழுந்தான்’ என்று எழுதி நான் திருத்தியதில்லை. சதுப்பு நிலவியல் சொல்லாகவே நின்றுவிட்டது. அதைவிடப் புதியது ‘ஈரநிலம்’. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று ஏற்பட்ட உடன்படிக்கையை ஒட்டி வழங்கும் சொல் அது. ஏரி, ஆறு, நெல்வயல், உப்பங்கழி, நீர் வற்றிய நிலையில் ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பகுதி எல்லாம் அதற்குள் அடங்கும். பள்ளிக்கரணை 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தபோது செய்திகளில் இந்தச் சொல் பெருகியது. சட்டத்துக்கு இப்படி அகன்ற ஒரு சொல் தேவைதான். ஆனால் தம்பி சொல்கிற நல்ல சேற்றையும் கெட்ட சேற்றையும் பிரித்துச் சொல்ல அந்தச் சொல்லுக்கு வாய் இல்லை.


மறுமொழி 4: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தண்டையார்பேட்டை

இராயபுரத்து நண்பர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். உளை என்னும் சேறும் உளைதல் என்னும் நோவும் ஒலியில் ஒன்றாக இருப்பதாலேயே பிறப்பும் ஒன்று என்று கட்டக் கூடாது. கழியையும் கழிவையும் பிரித்துக் காட்டிய அவரே இங்கே அந்தக் கண்டிப்பைத் தளர்த்திவிட்டார். நடந்த கால் நோவது உண்மை. அது சொற்பிறப்புக்குச் சான்றாகாது. மக்கள் பேச்சில் இரண்டும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன என்று சொன்னால் நான் முழு மனத்தோடு ஏற்பேன்.

சேற்றைக் குறிக்கும் சொற்கள் இழிவையே சுமந்தன என்ற எண்ணம் தங்கள் மகளுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றும் சொல்கிறேன். மதுரைக்காஞ்சியில் இரவில் கடை வீதியில் பண்டம் விற்போர் தூங்கி வழியும் காட்சி வருகிறது. தேன்கூடு போன்ற மெல்லிய அடையையும், உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகத்தையும் சொல்லி, அவற்றைச் செய்கிறவர்களைத் ‘தீஞ்சேற்றுக் கூவியர்’ என்கிறார் மாங்குடி மருதனார். தீஞ்சேறு என்றால் இனிய பாகு. குழைந்து, ஒட்டிக்கொண்டு, விரலை விடாமல் பற்றும் தன்மையைச் சேற்றில் கண்டவர்கள், அதே தன்மையைக் காய்ச்சிய பாகிலும் கண்டு அதே சொல்லை வைத்தார்கள். சேறு என்பதற்குச் சாறு, சுவை, இனிமை என்று அகராதிகள் தரும் பொருள்களும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. ஒரே பற்றுதல்தான் காலுக்கு அளறாகவும் நாவுக்குத் தீஞ்சேறாகவும் ஆகியிருக்கிறது.

உழவர்களிடம் போனால் சேறு என்பது உழைப்பு. ‘நாங்கள் சேற்றில் கால் வைத்தால்தான் நீங்கள் சோற்றில் கை வைக்க முடியும்’ என்னும்போது அந்தச் சொல்லில் பெருமிதம் மட்டுமே இருக்கிறது. இறால் தடவும் பெண்களும் அதையே சொல்லத் தகுதி உடையவர்கள். ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்று துணிவில்லாதவனைச் சொல்வதுண்டு. காட்டுக்குப்பத்தில் அது அன்றாட வேலை நிலை என்பதையும் தம்பி எழுதியதிலிருந்து இன்றுதான் உணர்ந்தேன்.


மறுமொழி 5: வாசகி, திருவொற்றியூர் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் என் நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்து மகளிடம் கொடுத்தேன். அவள் அதை என் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ‘அண்ணாத்தல்’ என்ற சொல்லை விளக்கியதும், படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். ‘பதறினா பிடிக்கும். சும்மா நின்னா அதுவே விட்டுரும்’ என்று சொல்லி, கட்டிலில் இருந்தபடியே குதிகாலை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார். முழங்கால் வலியால் அவர் வீட்டுப் படி இறங்கியே எட்டு மாதம் ஆகிறது. அந்தக் காலுக்கு இன்னும் அந்த அசைவு மறக்கவில்லை.

‘தீஞ்சேறு’ அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பனஞ்சாற்றைக் காய்ச்சும்போது இறக்குவதற்கு முன்னால் கரண்டியில் ஒட்டுகிற பதத்தை அவர் அம்மாவும் சேறு என்றே சொன்னதாக நினைவுகூர்ந்தார். அதை ஆசிரியர் ஐயாவிடம் சொல்லச் சொன்னார்.

மகள் இப்போது தன் குறிப்பேட்டில் அளறு என்பதற்கு நேராக நரகம் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘சேற்றிலிருந்து வந்த பொருள், அழுந்தும், ஆழும், அண்ணாத்தல் என்னும் வினைகளைக் காண்க’ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியையிடம் அதைக் காட்டலாமா என்று கேட்டாள். காட்டு, ஆனால் மதிப்பெண் கேட்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

காட்டுக்குப்பத்துத் தம்பியிடம் அவளுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சேறு ‘ஓர் ஓசையோடு’ வாய் திறக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓசைக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? பாட்டியிடம் கேட்டாள், அவர் வாயால் ஓசையைச் செய்து காட்டினாரே தவிர, எழுத்தில் வைக்கும்படி சொல்லவில்லை.


மறுமொழி 6: காட்டுக்குப்பத்து இளைஞன்

அக்கா, எங்கள் வீட்டில் ‘பொளக்’ என்போம். ஆனால் அது கால் முழுவதும் வெளியே வந்த பிறகு கேட்பது. அதற்கு முன்னால், குதிகாலுக்குக் கீழே முதல் காற்று நுழையும்போது, உற்றுக் கேட்டால் மட்டும் கேட்கிற ஒரு மெல்லிய ‘ஸ்ஸ்’ இருக்கிறது. அதற்குப் பெயர் வைத்ததாக நான் கேட்டதில்லை. பாட்டி செய்து காட்டியது இரண்டில் எது என்று தங்கையிடம் கேட்டுச் சொல்லுங்கள். முதல் ஓசை என்றால், அவர் கழியில் இறங்கியது என் அத்தையின் காலத்துக்கும் முந்தியது. அப்போது சேறு இன்னும் இளகலாக இருந்ததாகச் சொல்வார்கள்.